ஏழாம் வரிசையில் மாட்டிய வில்லைகள்

ஊர் அழகாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. வயிற்றெரிச்சல்காரர்கள்கூட அதை மறுக்கவில்லை. திறந்தவெளியில் நிலக்கரி வெட்டிய பெரும்பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கி ஏரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் வாத்துகள் நீந்தின, வாத்து வடிவத்தில் மிதிபடகுகளும் ஓடின. கழிவுமண் கொட்டிக் கொட்டி உண்டான கரிய மேட்டில் புல் வளர்த்து, உச்சியில் ஒரு பெஞ்சும் போட்டார்கள். தெருக்களுக்கெல்லாம் பூக்களின் பெயர். முப்பது வருஷம் அங்கே குடியிருந்தவர்களுக்கு அந்த மண்ணில் பூ என்று ஒன்று பூத்ததாக ஞாபகமில்லை. வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டிய ஊர் அது. இப்போது கொடி கட்டக் கூடாது என்று விதி போடும் அளவுக்கு நாகரிகம் வந்துவிட்டது.

சுரங்கத்தை மூடிப் பதினொரு வருஷம் ஆயிற்று. பழைய ஊரில் மிச்சம் இருந்தது லைன் வீடுகள் மட்டும்தான். முதுகோடு முதுகு ஒட்டிய நாற்பத்தெட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாயடி. அதையும் இடிக்க நாள் குறித்தாகிவிட்டது. பதிலுக்கு நாலாவது கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள் தயாராக நின்றன. சாவி கொடுக்கும் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

விளக்கக்கா திரைச்சீலை தைத்து முடித்துவிட்டாள். மூன்றாம் மாடியில் அவளுக்கு விழுந்த வீட்டில் சமையலறை ஜன்னல் எத்தனை அகலம், எத்தனை உயரம் என்று நூலால் அளந்துவந்து, மஞ்சள் துணி எடுத்து, அடியில் இரண்டு விரல் மடிப்பு விட்டுத் தைத்திருந்தாள். ஜன்னல் இருக்கிற சமையலறை அவளுக்கு இதுதான் முதல் தடவை. முப்பத்தொரு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு சமைத்தவளுக்கு அந்த ஆசை கொஞ்சம் கூடுதலாக இருந்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

விளக்கக்கா என்ற பெயர் வேலையால் வந்தது. சுரங்கத்தில் விளக்கறை அவள் பொறுப்பு. இறங்குகிற ஒவ்வோர் ஆளும் அவளிடம் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்க வேண்டும். சுவரில் பெரிய மரப்பலகை, கீழே ஒன்பது சுரங்கப்பாதைகள், பலகையில் பாதைக்கு ஒரு வரிசை கொக்கி. யார் எந்தப் பாதைக்குப் போகிறார்களோ அந்த வரிசையில் வில்லையை மாட்டுவாள். ஆள் மேலே வந்து விளக்கைத் திருப்பித் தரும்போது, "ஏறியாச்சா?" என்று கேட்பாள். "ஏறியாச்சு" என்று அந்த ஆள் தன் வாயால் சொன்னால்தான் வில்லை கொக்கியை விட்டு இறங்கி அவர் கைக்குத் திரும்பும். தலையாட்டினால் செல்லாது. மானேஜராக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கீழே கூரை சரிந்தால் மீட்பு ஆட்கள் முதலில் ஓடிவருவது அந்தப் பலகைக்குத்தான். எந்த வரிசையில் வில்லை தொங்குகிறதோ அங்கே தோண்டுவார்கள்.

அவள் புருஷனும் அந்தச் சுரங்கத்து ஆள்தான். கூரைக்கு மரமுட்டு நிறுத்துகிறவர். ஊரே அவரை முட்டுக்காரர் என்றது. நம்பர் நூற்றுப் பதினெட்டு. சுரங்கத்தை மூடிய பிறகும் அவர் கடைக்குப் போய்த் திரும்பினால், அடுப்படியிலிருந்தே "ஏறியாச்சா?" என்பாள். அவரும் செருப்பைக் கழற்றிக்கொண்டே "ஏறியாச்சு" என்பார். பழக்கதோஷம் என்று மகள் கேலி செய்வாள். பழக்கம் மட்டும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த முட்டுக்காரர்தான் இப்போது புது வீடு வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று கேட்டால் பிடிகொடுத்துப் பேசவில்லை. மாடி ஏற முட்டி வலிக்கும் என்றார். லிப்ட் இருக்கிறது என்றாள். லிப்ட் வேண்டாம், பாதிப் பிழைப்பு சுரங்கத்து லிப்டில் போயிற்று என்றார். காற்று வராது என்றார். நான்கு பக்கமும் ஜன்னல் இருப்பதை மகள் செல்போனில் படம் காட்டினாள். படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் எங்கயாவது இருந்துக்கறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வயதானால் ஆம்பிளைகளுக்குப் பழைய சுவர்மேல் காதல் வந்துவிடும் போல என்று விளக்கக்கா குழாயடியில் சொல்லிச் சிரித்தாள். உள்ளுக்குள் கோபம்தான்.

மகளுக்கு, ஊரைப் புதிதாகக் கட்டுகிற புதுநகர் அலுவலகத்தில் வரவேற்பு மேஜையில் வேலை. அப்பாவை வழிக்குக் கொண்டுவர, ஒரு விடுமுறை நாளில் இரண்டு பேரையும் டீ குடிக்க அழைத்துப்போனாள். போன இடம் பழைய விளக்கறை. அதைத்தான் டீக்கடையாக மாற்றியிருந்தார்கள். விளக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டு உள்ளே பல்பு போட்டிருந்தார்கள். பலகையைத் துடைத்து மெருகேற்றிச் சுவரிலேயே விட்டுவைத்து, மூட்டையில் கிடந்த வில்லைகளைக் கைக்கு வந்த கொக்கியில் மாட்டியிருந்தார்கள். ஏரி பார்க்க வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தான் இருபத்தாறு வருஷம் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி நிற்பதை விளக்கக்கா பார்த்தாள். பரவாயில்லை, நன்றாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நினைத்தாள்.

மகள் டீ வாங்க வரிசையில் நின்றாள். விளக்கக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. நூற்றுப் பதினெட்டு முதல் வரிசையில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி டீ குடிப்பது? எழுந்துபோய் அதை எடுத்து, ஏழாம் வரிசையில் மாட்டினாள். கடைசி எட்டு மாதம் அவர் செட்டு முழுவதும், பத்தொன்பது பேர், ஏழாம் பாதையில்தான் வேலை செய்தார்கள். பக்கத்தில் வந்து நின்ற முட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது அங்க இல்ல" என்றார்.

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? கடைசியில உங்க செட்டு ஏழுலதானே இருந்தது?"

"நீ ஏழுல மாட்டின. நாங்க மூணுல இருந்தோம்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் மூன்று கோப்பையோடு வந்தாள். இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள். என்ன ருசி என்று கேட்டிருந்தால் இரண்டு பேராலும் சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மகளை ஏதோ சாக்குச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விளக்கக்கா உருளைக்கிழங்கும் கத்தியுமாக மேஜையில் உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும். முட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, நான்கு கிழங்கை எடுத்து மேஜைமேல் தள்ளித் தள்ளி வைத்தார். "இது கரித்தூண்னு வச்சுக்க. இதுங்கதான் மேல கூரையத் தாங்கறது" என்று ஆரம்பித்தார்.

"கிழங்கக் கீழ வைங்க. எனக்குத் தூண்னா என்னன்னு தெரியும். வாயால சொல்லுங்க."

சொன்னார். கரியை வெட்டிக்கொண்டே போகும்போது கூரையைத் தாங்க நடுநடுவே கரியையே தூணாக விட்டுவைப்பார்கள். மூன்றாம் பாதை குழிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆழமும் குறைவு, அறுபது அடிதான். அதனால் அங்கே இருபத்திரண்டு தூண்களைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கடைசி வருஷம் மற்றப் பாதைகளில் கரி தீரும் தறுவாயில் இருந்தபோது ஏழாம் பாதையில் தண்ணீர் புகுந்துவிட்டது, அதை வெளியே சொல்லவில்லை. கரி இல்லையென்றால் சுரங்கத்தை அன்றைக்கே மூடிவிடுவார்கள். பத்து வருஷ சர்வீஸ் முடிய இன்னும் சில மாதமே பாக்கி என்று லைனில் நாற்பது பேர் இருந்தார்கள். முடியாமல் மூடினால் அவர்களுக்கு வீடும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மானேஜர் கண்ணை மூடிக்கொண்டார். பத்தொன்பது பேரும் மூன்றாம் பாதைக்குள் போய் எட்டு மாதத்தில் பதினான்கு தூண்களை வெட்டி எடுத்தார்கள். தூண் போன இடத்திலெல்லாம் முட்டுக்காரர் மரமுட்டு நிறுத்தினார். மேலே காகிதத்தில் எல்லாம் ஏழாம் பாதைக் கரி.

"காகிதத்துல யாரு போட்டது?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"மச்சான்தான்."

அவளுடைய அண்ணன். சுரங்கத்தின் வரைபடம் போட்டவர். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் லைனில் அவருக்குப் பென்சில் என்றே பெயர். அவர்தான் அன்றைக்கு விளக்கறைக்கு வந்து, "இவங்க செட்ட ஏழுல மாட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர். கூடப்பிறந்த அண்ணன் சொன்னால் யார் குடைந்து கேட்பார்கள்? அவள் மாட்டினாள். இப்போது புதுநகர் கட்டுகிறவர்களும் அதே வரைபடத்தை விரித்துவைத்துத்தான், தூண் எடுத்த இடமெல்லாம் பூங்கா, தூண் நிற்கிற இடத்தில் மாடிக்கட்டடம் என்று பிரித்திருந்தார்கள். நாலாவது கட்டடம் மூன்றாம் பாதையின் மேல் நிற்கிறது.

"நீங்க வச்ச முட்டு தாங்காதா?" என்றாள்.

"வச்ச அன்னிக்குத் தாங்கும். பம்ப நிறுத்திப் பதினொரு வருஷம் ஆச்சு. மழைக்குத் தண்ணி ஏறுது, வெயிலுக்கு எறங்குது. அப்படி ஏறி எறங்கற எடத்துல எந்த மரமும் நிக்காது. இன்னிக்கே விழும்னு சொல்லல. விழவே விழாதுன்னு சொல்ல என்னால முடியல."

"இதச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?"

"பத்தொம்பது பேரும் வெளிய விடமாட்டோம்னு பேசிக்கிட்டோம். அதுல ஆறு பேர் இப்ப இல்ல. கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே மச்சான்கிட்ட போய்ச் சொன்னேன். துளை போட்டுப் பாத்துட்டாங்க, கவலைப்படாதீங்கன்னார். அப்புறம் நாம மட்டும் போகாம இருந்துடலாம்னு பாத்தேன்."

"நாம போகலன்னா அந்த வீடு காலியாவா இருக்கும்? இன்னொருத்தி அங்க திரை மாட்டுவா."

விளக்கக்கா உரித்த கிழங்கையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். வீடு போய்விடும் என்பது அப்போதே புரிந்துவிட்டது. அது வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று உறுத்தியது.

"எட்டு மாசம், தினம் சாயங்காலம் 'ஏறியாச்சா'ன்னு கேட்டேன். நீங்களும் சொன்னீங்க. ஒருநாள் கூரை எறங்கியிருந்தா நான் மீட்பு ஆளுங்கள ஏழுக்குத்தான் அனுப்பியிருப்பேன். நீங்க மூணுல கெடந்திருப்பீங்க. உங்களத் தேட வேண்டிய எடத்த விட்டுட்டு என் கையாலேயே வேற எடத்தக் காட்டியிருப்பேன். அது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சு" என்றார். "தெனமும் தோணுச்சு. உன்கிட்ட சொன்னா நீ மூணுல மாட்டியிருப்ப. மாட்டினா எல்லாம் வெளிய வந்திருக்கும்."

அன்றைக்கு அவர் கடைக்குப் போய்த் திரும்பியபோது அடுப்படியிலிருந்து சத்தம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை விளக்கக்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். பென்சில் அண்ணன் முதல் கட்டடத்தில் குடியேறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வரவேற்பறைச் சுவரில் பழைய சுரங்கத்தின் வரைபடம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அவர் போட்டதுதான். கோடு என்றால் அப்படி ஒரு கோடு. புதுநகர்க்காரர்கள் எந்தச் சந்தேகத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள், சால்வை போர்த்திப் படம்கூட எடுத்தார்கள். அண்ணி ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். விளக்கக்கா தொடவில்லை. அதைப் பார்த்ததுமே அண்ணி ஏதோ விபரீதம் என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர் முதலில் பூசி மெழுகிப் பார்த்தார். இரண்டு இடத்தில் துளை போட்டார்கள், இரண்டிலும் கரி கிடைத்தது, அதற்குமேல் என்ன வேண்டும் என்றார். எந்த இடம் என்று காட்டியது யார் என்று அவள் கேட்டாள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மிச்சம் இருந்த எட்டுத் தூண்ல ரெண்டக் காட்டினேன்" என்றார். "வேற என்ன பண்ணச் சொல்ற? அப்பவே சொல்லியிருந்தா அந்த எடத்துல பூங்கா வச்சிருப்பாங்க. லைன் ஜனங்களுக்கு ஊருக்கு வெளிய எங்கயாவது தகரக் கொட்டாய் போட்டுக் குடுத்திருப்பாங்க. நாப்பத்தெட்டு குடும்பமும் ஊருக்கு நடுவுல இருக்கட்டும்னுதாம்மா செஞ்சேன். நான் என்ன எனக்கா எடுத்துக்கிட்டேன்?"

அதில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் தனக்காக ஒரு குண்டூசிகூட எடுத்தவர் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் கத்திவிட்டுப் போயிருக்கலாம்.

"நீயும் அந்த எட்டு மாசக் கரியிலதான் சாப்ட்ட" என்றார் மெதுவாக. "இப்பப் போய்ச் சொன்னா ஜனங்க உன் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. நினைச்சுப் பாத்துக்க."

"பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லு. அந்த எட்டு மாசத்துல கூரை எறங்கியிருந்தா பலகையில ஏழுன்னு இருக்கும். அவரு மூணுல இருப்பாரு. என்ன பண்ணியிருப்ப?"

"நான் இருக்கேன் இல்ல? ஓடிவந்து மூணுன்னு சொல்லியிருப்பேன். தங்கச்சி புருஷன விட்டுடுவேனா?"

"நடுவுல பதினஞ்சு நாள் உனக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரியில நினைவில்லாம கெடந்த. ரெண்டு வேளையும் நான்தான் கஞ்சி கொண்டுவந்தேன். அந்தப் பதினஞ்சு நாள் யாரு சொல்லியிருப்பாங்க அண்ணா?"

கணக்கில் எதையும் விடாத மனிதர் அந்தப் பதினைந்து நாளை விட்டுவிட்டார். பதினொரு வருஷமாக அது அவருக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. விளக்கக்கா எழுந்தாள். ரொட்டியை ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள், அண்ணி மனசு நோகக் கூடாது என்று.

புதுநகர் அலுவலகத்தில் கட்டடப் பொறுப்பு ஓர் இன்ஜினியர் பெண்ணிடம் இருந்தது. மகள் வயதுதான் இருக்கும். மேஜையில் ஹெல்மெட்டும், பாதி சாப்பிட்ட ஆப்பிளும். விளக்கக்காவும் முட்டுக்காரரும் போய் உட்கார்ந்தார்கள். விளக்கக்காதான் பேசினாள். தான் வில்லையை எந்த வரிசையில் மாட்டினாள் என்பதிலிருந்து ஆரம்பித்து, அண்ணன் பெயரையும் புருஷன் பெயரையும் விடாமல் சொல்லி முடித்தாள். வரவேற்பு மேஜையிலிருந்து மகள் கண்ணாடிக் கதவு வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜினியர் பெண் முதலில் நம்பவில்லை. வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள். எழுத்தில் ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டாள்.

"எழுத்துல இருக்கறதெல்லாம் பொய்தாம்மா" என்றார் முட்டுக்காரர். "என் காலுக்குத் தெரியும். குழிவாசல் எங்கன்னு மட்டும் காட்டுங்க. நான் நடந்து நிக்கற எடத்துல ஒரு துளை போடுங்க. கரி வந்தா, நான் பைத்தியக்காரன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

அந்தப் பெண் ஆப்பிளைக் குப்பைக்கூடையில் போட்டாள். மேலதிகாரிகளைக் கேட்க வேண்டும் என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "கேட்டா வேண்டாம்னுதான் சொல்வாங்க. ஒரு துளைதானே? மிஷின் சும்மாதான் நிக்குது. வியாழக்கிழமை காலையில வாங்க" என்றாள்.

வியாழக்கிழமைக்குள் லைன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எந்த வாய் வழியாகப் போனதோ தெரியவில்லை. குழாயடியில் விளக்கக்கா போனதும் பேச்சு நின்றது. பம்பு ஓட்டினவர் பெண்சாதி, பக்கத்து வீட்டுக்காரி, இருபது வருஷமாக உப்பும் புளியும் கைமாற்றிக்கொண்டவள், குடத்தைத் தூக்கிக்கொண்டு முகம் கொடுக்காமல் போனாள்.

பழைய குழிவாசலைக் காங்கிரீட் போட்டு மூடி, மேலே வட்டமாகப் பூச்செடி வைத்திருந்தார்கள். முட்டுக்காரர் அதன் தெற்கு விளிம்பில் போய் நின்றார். அன்றைக்கு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. லைன் ஜனங்கள் பத்தடி தள்ளிக் கூட்டமாக நின்றார்கள். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தப்படி போட்டு எண்ணிக்கொண்டே நடந்தார். மூன்றாம் பாதையில் கூரை தோள் உயரம்தான். அதனால் இப்போதும் தலையைத் தாழ்த்தி, இடுப்பை வளைத்து, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தார். தலைக்குமேல் ஒரு கிளைகூட இல்லை. காலையில் ஓடப் பழகுகிற ஒரு புது ஆள் இதைப் பார்த்துச் சிரித்தான். கூட நடந்த லைன்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் வயதானவர்களும் தங்களை அறியாமல் தலையைக் குனிந்திருந்தார்கள்.

நூற்று நாற்பது தப்படியில் இடதுபக்கம் திரும்பினார். வேலிச்செடியைத் தாண்டினார், சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டினார். நாலாவது கட்டடத்தின் வாசற்படிக்கு மூன்று கெஜம் முன்னால் நின்று, குதிகாலால் தரையைத் தட்டினார்.

"இங்க ஒண்ணு இருந்தது. பெரிய தூண். அதுதான் கடைசியா எடுத்தது" என்றார்.

மிஷின் வந்து நின்று கம்பி இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்துச் சேர்த்து இறக்கினார்கள். மண், களி, பாறை என்று தூள் மேலே வந்தது. முக்கால் மணி நேரம் போயிற்று. விளக்கக்கா கட்டடத்தின் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தாள். அவள் ஜன்னலில் வெயில் அடித்தது. கரி வந்துவிடட்டும் என்று அந்த நேரத்தில் அவள் மனசார நினைத்தாள். எல்லாரும் இவரைப் பைத்தியக்காரன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும், நான் என் திரையை மாட்டிக்கொள்கிறேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவள் பிறகு வெட்கப்படவும் இல்லை.

ஐம்பத்தெட்டாவது அடியில் மிஷினின் சத்தம் மாறியது. கம்பி சட்டென்று லேசாகி, பிடித்திருந்தவர் கையை இழுத்துக்கொண்டு நாலடி கீழே போயிற்று. மிஷினை நிறுத்தினார்கள். கரியும் வரவில்லை, பாறையும் வரவில்லை. துளைவழியாகக் காற்றுதான் வந்தது. ஈரக்கரியும் ஊறி மட்கிய மரமும் கலந்த வாசனை. இன்ஜினியர் பெண்ணுக்கு அது என்னவென்று தெரியவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டாள். லைன் ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் தினமும் அந்த வாசனைதான் அவர்கள் வீட்டு ஆம்பிளைகளின் சட்டையில் வீட்டுக்கு வந்தது.

பம்பு ஓட்டினவர் பெண்சாதி அழ ஆரம்பித்தாள். "கைக்கு வந்ததத் தட்டி விட்டுட்டியே அக்கா" என்றாள். விளக்கக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள். சமாதானம் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. அழுதவள் இவளைத் தள்ளிவிடவில்லை, அதுவே போதும் என்று இருந்தது.

சாவி கொடுக்கும் விழா நின்றுபோயிற்று. கீழே சிமெண்டுக் குழம்பு ஊற்றி நிரப்பினால் கட்டடத்தைக் காப்பாற்றலாம், ஒரு வருஷமாவது ஆகும், முடியாமலும் போகலாம் என்றாள் இன்ஜினியர் பெண். அதுவரை லைன் வீடுகளை இடிக்க மாட்டோம் என்று எழுதி வாங்கித் தந்தாள். தூண்கள் போன இடமெல்லாம் தெரிந்தால் வேலை சுலபம் என்றும் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அண்ணி துணியில் சுற்றிய ஒரு நோட்டைக் கொண்டுவந்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனாள். பதினான்கு தூண்களும், வெட்டிய தேதியோடு, பென்சிலில் குறித்திருந்தன. எல்லாவற்றையும் மறைத்த மனிதர் இதை மட்டும் கிழித்துப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். தங்கச்சியோடு அவர் பேசவில்லை. சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றிவிட்டதாக மகள் வந்து சொன்னாள்.

நன்றி என்று லைனில் ஒருவரும் வந்து சொல்லவில்லை. விளக்கக்கா எதிர்பார்க்கவும் இல்லை. மஞ்சள் திரையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சமைத்தாள். புருஷன் வெளியே போவார், வருவார். வந்ததும் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். அவள் கேட்கவில்லை. கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை, கேட்க வாய் வரவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானம், டீக்கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அவரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். கடைப் பெண்ணிடம், பலகையில் கொஞ்சம் மாற்றி மாட்ட வேண்டும் என்று கேட்டாள். அந்தப் பெண் பூந்தொட்டியை நகர்த்திக் கொடுத்தாள்.

விளக்கக்கா தன் பழைய இடத்தில் நின்றாள். பலகை முழுவதும் தேடி மற்றப் பதினெட்டு நம்பரையும் எடுத்து, மூன்றாம் வரிசையில் ஒவ்வொன்றாக மாட்டினாள். ஒரு நம்பரும் அவளுக்கு மறக்கவில்லை. செத்துப்போன ஆறு பேரின் வில்லைகளையும் மாட்டினாள். கடைசியாக ஏழாம் வரிசையில் தான் மாட்டிய நூற்றுப் பதினெட்டைக் கழற்றி மூன்றில் மாட்டினாள். மாட்டிவிட்டுக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். முட்டுக்காரர் விளக்கைத் திருப்பித் தர வந்த ஆள் மாதிரி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஏறியாச்சா?" என்று கேட்டாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"தலையாட்டினா செல்லாது."

"ஏறியாச்சு" என்றார் முட்டுக்காரர்.

விளக்கக்கா வில்லையைக் கொக்கியிலிருந்து இறக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.